ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்: எந்த வடிவத்தைப் பாடுவது? இரண்டாம் வரிக்கு எந்த கார்டு?

இரண்டரைக்கட்டை கேட்கிறார்:

வணக்கம். ஒரு திருமண நாள் நிகழ்ச்சிக்கு 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' என்ற இந்த ஆங்கிலப் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று, அக்கௌஸ்டிக் கிட்டார், கீபோர்டு, பாஸ், டிரம்ஸ். கேட்க வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். நாலு சந்தேகம்.

ஒன்று, எது மூலம்? எல்விஸ் என்று ஒருவர் சொல்கிறார், கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் என்று இன்னொருவர். வில்லி நெல்சன்தான் எழுதினார் என்றும் சொல்கிறார்கள்.

இரண்டு, டி மேஜரில் வாசிக்கிறோம். இணையத்தில் கிடைக்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) தாள்களில் இரண்டாம் வரியின் நடுவில் சிலர் ஈ மைனர் போட்டிருக்கிறார்கள், சிலர் ஈ மேஜர். எது சரி?

மூன்று, இது மன்னிப்புக் கேட்கும் பாட்டு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வரிகளைப் படித்தால் மன்னிப்பு என்ற பேச்சே பாட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் ஓரமாக. அப்படியிருக்க இந்தப் பேர் எப்படி வந்தது? பிரிவுப் பாட்டு என்றால் கொண்டாட்ட மேடையில் பாடலாமா?

நாலு, ஆணும் பெண்ணுமாகப் பிரித்துப் பாட முடியுமா?


பழையதட்டு பதில்:

முதல் சந்தேகத்துக்கு மட்டும் சொல்கிறேன். கார்டு விஷயத்துக்கு ஆள் வருவார்.

எல்விஸும் எழுதவில்லை, வில்லி நெல்சனும் எழுதவில்லை. எழுதியவர்கள் மூன்று பேர்: வேய்ன் கார்சன், ஜானி கிறிஸ்டோபர், மார்க் ஜேம்ஸ். கார்சன் வேலை நிமித்தம் மெம்ஃபிஸில் தங்கி, சொன்ன நாளைத் தாண்டி, வீட்டில் இருந்த மனைவியிடம் தொலைபேசியில் சமாதானம் சொன்னபோது வாயில் வந்த பேச்சுதான் பாட்டின் கரு. 'உன் நினைப்பாகவே இருந்தேன்' என்கிற வகைப் பேச்சு. சரணங்களை அவர் சீக்கிரமே முடித்துவிட்டார். தயாரிப்பாளர் சிப்ஸ் மோமன்தான் 'இதற்கு ஒரு பிரிட்ஜ் வேண்டும்' (சரணங்களுக்கு நடுவே வேறு மெட்டில் வரும் இணைப்புப் பகுதி) என்று பிடிவாதமாக நின்றார். அந்த இரண்டு வரிக்காகத்தான் மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது: கெஞ்சல் முழுவதும் இருப்பது அந்த பிரிட்ஜில்தான், அதுதான் பாட்டில் கடைசியாகச் சேர்ந்த உறுப்பு.

பதிவு வரிசை இப்படி. முதலில் பதிவு செய்தவர் பி.ஜே. தாமஸ், 1970இல். அது அப்போது வெளிவரவில்லை. முதலில் வெளிவந்தது 1972இல் க்வென் மெக்ரே பாடியது. அதே வருடம் பிரெண்டா லீ. ஆக முதலில் கடைக்கு வந்த இரண்டு இசைத்தட்டும் பெண் குரல்கள். உங்கள் நாலாவது கேள்விக்கு இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்விஸ் பாடியது 1972 மார்ச் 29, ஹாலிவுட்டில் ஆர்.சி.ஏ. ஒலிப்பதிவுக்கூடத்தில். மனைவி பிரிசில்லா பிரிந்து போய்ச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதனால் 'பிரிசில்லாவுக்காக எழுதிய பாட்டு' என்று ஒரு கதை ஓடுகிறது. அது தவறு, பாட்டு அதற்கு முன்பே இருந்தது. அவர் தேர்ந்தெடுத்ததில் அந்தப் பிரிவுக்குப் பங்கு உண்டா என்று கேட்டால், அதே சில நாட்களில் அவர் பதிவு செய்த இன்னொரு பாட்டின் தலைப்பே 'செபரேட் வேஸ்' (தனித்தனி வழிகள்). அமெரிக்காவில் அதை முதல் பக்கமாகவும் நம் பாட்டை மறுபக்கமாகவும் போட்டுத்தான் தட்டு வெளியிட்டார்கள். பிரிட்டனில் நம் பாட்டை முதல் பக்கமாக்கினார்கள், அங்கே 9ஆம் இடம் வரை போனது.

பத்து வருடம் கழித்து, 1982இல், வில்லி நெல்சன். தயாரிப்பு அதே சிப்ஸ் மோமன். இன்னொரு கன்ட்ரி பாடகரான மெர்ல் ஹேகார்டோடு சேர்ந்து ஒரு ஆல்பத்துக்குப் பதிவு நடந்துகொண்டிருந்தபோது இந்தப் பாட்டு வந்தது. ஹேகார்டுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, நெல்சன் தனியாகப் பாடினார். அமெரிக்கக் கன்ட்ரி பட்டியலில் இரண்டு வாரம் முதலிடம், பொதுப் பட்டியலில் 5ஆம் இடம். 1983 பிப்ரவரி கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த கன்ட்ரி பாடல், சிறந்த கன்ட்ரி ஆண் குரல் என்று மூன்று. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் ஆண்டின் சிறந்த பாடல் விருதை 1982, 1983 இரண்டு வருடமும் இதற்கே கொடுத்தது.

ஆக 'மூலம்' எது என்று தேடி மேடைக்கு ஒரு லாபமும் இல்லை. உங்கள் கூட்டம் எந்தப் பதிவைக் கேட்டு வளர்ந்தது என்று பாருங்கள்.


நாலாம்தந்தி பதில்:

ஈ மேஜர். ஈ மைனர் போட்ட தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம், ஆனால் ஏன் தப்பு வருகிறது என்று தெரிந்துகொண்டு கிழியுங்கள்.

டி மேஜரை ச என்று வையுங்கள். முதல் வரியில் பாஸ் (கார்டின் அடிஸ்வரம்) படிக்கட்டாக இறங்கும்: ச, நி, த, ப, ம. கார்டாகச் சொன்னால் டி, ஏ, அதன் பாஸ் சி ஷார்ப், பி மைனர், மறுபடி டி, ஆனால் பாஸ் ஏ, பிறகு ஜி. அதற்குப் பின் ஏ வந்து வரி முடியும். இறங்கும் இடத்தில் ஒரு கார்டுக்கு இரண்டு தாளத் தட்டு. இந்தப் படிக்கட்டுதான் பாட்டின் முதுகெலும்பு. பல குழுக்கள் சறுக்குவதும் இங்கேதான்: கிட்டார் வெறும் டி, ஏ, பி மைனர், டி என்று வாசிக்கும், பாஸ்காரர் ஒவ்வொரு கார்டுக்கும் மூல ஸ்வரத்தைத் தட்டுவார். அப்போது ச, ப, த, ச என்று குதிக்கிறது. இறக்கம் போய்விட்டது. பாடகர் என்னதான் உருகினாலும் கீழே தரை குதித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் வரி அதே படியில் ப வரை இறங்குகிறது. அங்கே ஜிக்குப் போகாமல் ஈ மேஜர் வருகிறது. ஈ மேஜரில் இருப்பவை ஈ, ஜி ஷார்ப், பி. நம் கணக்கில் ரி, பிரதி மத்யமம், த. உடனே ஜி மேஜர்: சுத்த மத்யமம், த, ச. த இரண்டுக்கும் பொது. பிரதி மத்யமம் சுத்த மத்யமமாகச் சுருங்குகிறது, ரி ச ஆகிறது. சங்கராபரணத்தில் போய்க்கொண்டிருந்த ஆள் ஒரு நொடி கல்யாணிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு திரும்புவதுபோல. 'நடத்தவேண்டிய மாதிரி நடத்தவில்லை' என்று நெல்சன் ஒப்புக்கொள்வது சரியாக இந்த இடத்தில்தான். ஈ மைனர் போட்டால் அதில் ஏற்கெனவே சுத்த மத்யமம் இருக்கிறது, ஜிக்கு மாறும்போது ம அசையவே அசையாது. ஒப்புதல் வாக்குமூலம் விசாரிப்பு மாதிரி ஆகிவிடும்.

தப்பு எப்படி வருகிறது என்றால், ஈ மைனர் பாட்டில் வேறு இடத்தில் உண்டு. சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்லியிருக்கலாம், செய்திருக்கலாம் என்று வரும் மூன்றாம் வரியில் ஜி, டி, ஜி, டி என்று ஆடிவிட்டு ஈ மைனரில் இறங்கும். தாள் எழுதுபவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

கிட்டாரில் பாஸ் இறக்கத்துக்குக் கை இருப்பு:

டி: நாலாம் தந்தி திறந்த நிலை.
சி ஷார்ப் பாஸ்: ஐந்தாம் தந்தி நாலாம் கட்டம். 4, 3, 2ஆம் தந்திகளை இரண்டாம் கட்டத்தில் சுட்டுவிரலால் அழுத்திவிட்டுச் சுண்டுவிரலால் பாஸைப் பிடிக்கலாம். முதல் தந்தியை விட்டுவிடுங்கள்.
பி மைனர்: ஐந்தாம் தந்தி இரண்டாம் கட்டம். சுட்டுவிரல் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது.
டி, பாஸ் ஏ: ஐந்தாம் தந்தி திறந்த நிலை.
ஜி: ஆறாம் தந்தி மூன்றாம் கட்டம்.

இரண்டாம் வரியில் ஈ மேஜருக்கு ஆறாம் தந்தியைத் திறந்து அடித்தாலும் தப்பில்லை. ஆனால் பாஸ் கிட்டார் ஜி ஷார்ப் பிடித்தால் ஏ, ஜி ஷார்ப், ஜி என்று அரை அரை ஸ்வரமாக இறங்கி மீண்டும் ஏக்கு ஏறும். அது கேட்க அழகு. அப்போது கீபோர்டுக்காரர் இடது கையில் ஈ வைக்கக்கூடாது, பாஸோடு மோதும். இந்த ஒரு பாட்டுக்கு அவருடைய இடது கையைக் கட்டிப்போடுவது உத்தமம்.

வேகத்தை நிமிடத்துக்கு 72 முதல் 78 தட்டுக்குள் வைத்துப் பழகுங்கள். 85ஐத் தொட்டால் பாடகருக்கு மூச்சு விட நேரம் இருக்காது, 68க்குக் கீழே போனால் டிரம்ஸ் தூங்கும். நெல்சன் சொற்களைத் தாளத்துக்கு முன்னாலும் பின்னாலும் தள்ளிப் பாடுவார். அதைப் பார்த்துவிட்டு வாத்தியக்காரர்களும் தளரக்கூடாது. குரல் தள்ளாடலாம், ஹைஹாட் (டிரம்ஸில் தாளம் பிடிக்கும் ஜால்ரா) தள்ளாடக்கூடாது. டிரம்ஸ் முதல் சரணத்தில் சைட் ஸ்டிக் (விளிம்பில் குச்சியால் மெல்லத் தட்டுவது) மட்டும். ஸ்னேரின் முழு அடி பிரிட்ஜில் வரட்டும்.


சொல்லும்பொருளும் பதில்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதில் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

கேட்டவர் சரியாகவே பார்த்திருக்கிறார். 'ஸாரி' என்ற சொல் ஒரே இடத்தில்தான். அதுவும் எப்படி? 'உன்னை இரண்டாம் பட்சமாக உணர வைத்திருந்தால்' என்று நிபந்தனை போட்டுவிட்டு, 'கண்ணில்லாமல் இருந்துவிட்டேன், வருந்துகிறேன்' என்கிறான். நம்மூர் நன்றியுரையில் 'ஏதேனும் குறை இருந்திருந்தால் மன்னிக்கணும்' என்பார்களே, அந்த 'இருந்திருந்தால்'. குறை இருந்தது என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை அங்கே.

முதல் சரணத்தில் வரிக்கு வரி 'ஒருவேளை'. நேசித்திருக்க வேண்டிய அளவு ஒருவேளை நேசிக்கவில்லையோ, நடத்தியிருக்க வேண்டிய விதத்தில் ஒருவேளை நடத்தவில்லையோ. அதற்கெல்லாம் ஈடாக அவன் கொடுப்பது ஒன்றே ஒன்று: நீ எப்போதும் என் நினைப்பில்தான் இருந்தாய். நினைப்பு பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள், இங்கே நினைப்பையே பிழைப்பாகக் கணக்குக் காட்டுகிறான். எதிரில் இருப்பவளுக்கு அந்த நினைப்பால் ஒரு காசு பயன் இல்லை. வீட்டுக்கு நேரத்துக்கு வராதவன் சொல்லும் சாக்கு இது. பாட்டு பிறந்த கதையைப் பழையதட்டு சொன்னாரே, பிறப்பிலேயே அது சாக்குத்தான்.

ஆனால் சாக்கு என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. பிரிட்ஜைப் பாருங்கள். அதில் 'ஒருவேளை' இல்லை, 'இருந்தால்' இல்லை. இரண்டே ஏவல்: உன் காதல் சாகவில்லை என்று சொல், இன்னொரு வாய்ப்புக் கொடு. ஒவ்வொன்றையும் இரட்டித்துச் சொல்கிறான், சொல்லு சொல்லு, கொடு கொடு. மழுப்பிக்கொண்டிருந்தவனுடைய தமிழே, மன்னிக்கவும், ஆங்கிலமே மாறிவிடுகிறது. மழுப்பல் நின்று கேட்பு தொடங்குகிற அந்த இடத்தை வைத்துத்தான் கேட்டவர்கள் இதை மன்னிப்புப் பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி. அவள் பதில் சொல்வதே இல்லை. பாட்டு முடிந்தபின் வரும் மௌனத்தில் அவரவர் பதிலை அவரவர் வைத்துக்கொள்ளலாம். மேடையில் பாடலாமா என்றால், இந்தக் காரணத்தால் பாடலாம். 25, 30 வருடம் சேர்ந்து வாழ்ந்த ஜோடிக்கு முன்னால் பாடும்போது பதில் ஏற்கெனவே அந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறது. இளம் ஜோடியின் நிச்சயதார்த்தத்தில் பாடினால்தான் அபசகுனம்.

இன்னொரு நுணுக்கம். முதல் இரண்டு வரிகளின் வரிசை பதிவுக்குப் பதிவு மாறுகிறது. நெல்சன் 'நேசிக்கவில்லையோ' என்று தொடங்கி 'நடத்தவில்லையோ'வுக்கு வருகிறார். எல்விஸ் 'நடத்தவில்லையோ' என்று தொடங்குகிறார். நாலாம்தந்தி சொன்ன ஈ மேஜர் இரண்டாம் வரிக்கு உரியது. அதனால் எல்விஸிடம் அந்தக் கனம் 'நேசிக்கவில்லையோ' மேல் விழுகிறது, நெல்சனிடம் 'நடத்தவில்லையோ' மேல். குற்றத்தில் எது பெரிது என்பதை ஒரு கார்டு தீர்மானிக்கிறது. எந்த வரிசை என்று இருவரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எல்விஸ் பாடமும் மற்றவர் நெல்சன் பாடமும் மனப்பாடம் செய்திருந்தால் மேடையில் ஒரே வரி இரண்டு முறை வரும்.


பழையதட்டு பதில்:

சொல்லும்பொருளும் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். சாக்கா மன்னிப்பா என்பதை வரி மட்டும் முடிவு செய்யவில்லை, குரலும் சேர்ந்துதான் முடிவு செய்தது. 1972இல் 37 வயது எல்விஸ், முழுக் குரலில், பின்னால் கோரஸ் எழ எழப் பாடுகிறார். கேட்டவர்களுக்கு அவருடைய வீட்டுச் செய்தி பத்திரிகையில் கிடைத்தது. வாக்குமூலமாகக் கேட்டார்கள். 1982இல் நெல்சனுக்கு 48 வயது. குரலில் மினுக்கு இல்லை, அழுத்தம் இல்லை, சொல்வதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். 'ஒருவேளை' என்பது அவர் வாயில் மழுப்பலாகக் கேட்பதில்லை. இத்தனை வருடம் கழித்து நினைத்துப் பார்ப்பவனின் தயக்கமாகக் கேட்கிறது. ஒரே சொல்தான்.

வரவேற்பு வேறுபட்டதற்கு வியாபாரக் காரணமும் உண்டு. மறுபக்கப் பாட்டுக்கு வானொலி நேரம் எப்போதும் குறைவு. நெல்சனிடம் அது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, முதல் சிங்கிள் (தனிப் பாட்டாக விற்கும் தட்டு). பாட்டு மாறவில்லை, அது வைக்கப்பட்ட இடம் மாறியது. எல்விஸ் பதிவுக்கு மரியாதை தாமதமாக வந்தது: 2013இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் எல்விஸின் பாடல்களிலேயே மக்களுக்கு மிகப் பிடித்ததாக இதுதான் முதலில் வந்தது.


சின்த்சித்தன் பதில்:

எல்லோரும் மூன்றாவது ஆளை மறந்துவிட்டீர்கள். பெட் ஷாப் பாய்ஸ், பிரிட்டனின் இருவர் பாப் குழு.

1987 ஆகஸ்டில் எல்விஸ் இறந்து பத்து வருடம் நிறைந்ததை ஒட்டி ஐடிவி ஒரு நிகழ்ச்சி போட்டது. ஆளுக்கு ஒரு எல்விஸ் பாட்டு. நீல் டென்னண்டும் கிறிஸ் லோவும் இதை எடுத்தார்கள். அழுகைப் பாட்டை நடன மேடைக்கு ஏற்றினார்கள். வரவேற்பைப் பார்த்து நவம்பர் இறுதியில் சிங்கிளாக வெளியிட்டார்கள். அந்த வருட கிறிஸ்துமஸ் முதலிடம் அதுவே. இன்றைக்கு ஒவ்வொரு டிசம்பரும் பிரிட்டனில் ஒலிக்கிற 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' அந்த வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. பெட் ஷாப் பாய்ஸ் பதிவு நாலு வாரம் முதலிடத்தில் இருந்தது, அமெரிக்காவில் 4ஆம் இடம் வரை போனது. 2014இல் பிபிசி வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த மறுபதிவு என்று தேர்ந்தெடுத்தார்கள். 1988இல் வந்த 'இன்ட்ரோஸ்பெக்டிவ்' ஆல்பத்தில் ஒன்பது நிமிடத்துக்கு நீட்டிய வடிவம் இருக்கிறது, அதை மேடைக்குக் கொண்டு வராதீர்கள்.

சொல்லும்பொருளும் 'சாக்கு' என்கிறாரே, டென்னண்ட் அதை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டார். தன்னையே நினைத்துக்கொண்டிருக்கிற, காதலிக்கவே தெரியாத ஒரு ஆளாக நினைத்துத்தான் பாடியதாக அவர் பிறகு சொல்லியிருக்கிறார். குரலில் நடுக்கமே இருக்காது. உருகாமல் பாடியதால்தான் அந்த வடிவம் நிற்கிறது.

இசையிலும் ஒரு வேலை செய்தார்கள். மூலத்தில் பல்லவிச் சொல் முடியும்போது நாலாம் கார்டு, ஐந்தாம் கார்டு, வீடு. உங்கள் டி மேஜர் கணக்கில் ஜி, ஏ, டி. இவர்கள் ஏவுக்குப் பிறகு நேரே வீட்டுக்குப் போகவில்லை. எஃப் பாஸ் வைத்த டி மைனர் செவன்த், மறுபடி ஜி, பிறகுதான் டி. அந்த எஃப் சாதாரண காந்தாரம். அதுவரை அந்தர காந்தாரத்திலேயே இருந்த காதுக்கு அது கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் குளிர்காற்று மாதிரி. நெஞ்சை நிமிர்த்திய பித்தளை ஒலியில் அதை வாசிப்பதால் சோகமும் வெற்றி முழக்கமும் ஒன்றாக வருகிறது.

உங்கள் மேடைக்கு என் யோசனை: முழுவதும் நெல்சன் நடையில் போய், கடைசி முறை மட்டும் இந்த இரண்டு கார்டைச் சேர்த்து முடியுங்கள். ஒரே எச்சரிக்கை, அந்த டி மைனர் வரும் இடத்தில் பாடுபவர் எஃப் ஷார்ப் ஸ்வரத்தை இழுத்துக்கொண்டிருக்கக்கூடாது. இரண்டு காந்தாரமும் மோதினால் ஸ்பீக்கர் கெட்டுப்போனதாக நினைப்பார்கள். குரல் ச-வில் நிற்கட்டும், அது மூன்று கார்டுக்கும் பொது.


இரண்டரைக்கட்டை:

எல்லோருக்கும் நன்றி. பாஸ்காரரிடம் படிக்கட்டைக் காட்டிவிட்டோம், வித்தியாசம் உடனே தெரிந்தது. டூயட் விஷயம் மட்டும் பாக்கி. பெண் குரலுக்கு டி வசதியாக இல்லை. ஜிக்கு ஏற்றலாமா? ஏற்றினால் ஆண் குரலுக்கு பிரிட்ஜ் எட்டுமா?


நாலாம்தந்தி பதில்:

எட்டாது, அல்லது கத்தவேண்டி வரும். பாட்டின் உச்சம் பிரிட்ஜ்தான். ஸ்ருதி எப்போதும் பிரிட்ஜை முதலில் பாடிப் பார்த்துத்தான் வைக்கவேண்டும். பெரும்பாலோர் சரணத்தைப் பாடிப் பார்த்து 'வசதியாக இருக்கிறது' என்று வைத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சம்பிரதாயக் கணக்கில் ஆண் 2 கட்டை என்றால் பெண்ணுக்கு 5 கட்டை, அதாவது டி, ஜி. ஒரே பாட்டில் இருவரும் என்றால் வழி இரண்டு.

முதல் வழி, நடுவில் ஸ்ருதி மாற்றம். ஆண் முதல் சரணத்தை டியில் பாடுகிறார். டியில் முடியும் கடைசி கார்டை டி செவன்த் ஆக்குங்கள். அது அப்படியே ஜிக்குக் கதவு. பெண் இரண்டாம் சரணத்தையும் பிரிட்ஜையும் ஜியில் பாடட்டும். அதற்குப் பிறகு வாத்தியம் ஒரு சுற்று, அதன் முடிவில் ஏ செவன்த் போட்டு டிக்குத் திரும்பி ஆண் கடைசிப் பகுதியை எடுக்கலாம். கிட்டார்காரருக்கு அதே கை இருப்பு வேண்டுமென்றால் ஐந்தாம் கட்டத்தில் கேப்போ (தந்திகளை மொத்தமாக அழுத்தும் கவ்வி). ஆனால் பாட்டு நடுவில் கேப்போ போட்டுக் கழற்ற நாலு தட்டுகூட இருக்காது. அதனால் ஜி பகுதியில் கேப்போ இல்லாமல் ஜி, டி (பாஸ் எஃப் ஷார்ப்), ஈ மைனர், ஜி (பாஸ் டி), சி என்று வாசியுங்கள். இரண்டாம் வரியின் ஈ மேஜருக்கு இங்கே ஏ மேஜர், உடனே சி.

இரண்டாம் வழி, எஃப், அதாவது 4 கட்டை. இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் அசௌகரியம். ஆண் குரல் பாரிடோன் (கனமான நடுத்தர ஆண் குரல்) என்றால் வேண்டாம்.

முதல் வழியே மேல்.


சொல்லும்பொருளும் பதில்:

வரிப் பிரிப்பில் ஒரு பொறி இருக்கிறது. நாலாம்தந்தி சொன்னபடி பிரித்தால் பெண் பாடுவது இரண்டாம் சரணம். எல்விஸ் பாடத்தில் அந்தச் சரணத்தில் ஒரு பெண்ணை விளிக்கும் 'கேர்ள்' என்ற சொல் வருகிறது. அந்த ஒரு அசையை விட்டுவிட்டு முந்தின சொல்லை இழுத்தால் போதும். 'பாய்' என்று மாற்றினால் பள்ளிக்கூடப் பையனைக் கூப்பிடுவது போல் ஆகும்.

பொருளிலும் ஒன்று நடக்கிறது. ஒருவர் மட்டும் பாடினால் குற்றவாளி ஒருவர், கேட்பவர் பேசாதவர். இருவரும் மாறி மாறிப் பாடினால் இருவருமே 'ஒருவேளை' என்கிறார்கள், இருவருமே கேட்கிறார்கள். பாட்டில் இல்லாத பதில் அதனாலேயே வந்துவிடுகிறது. ஆனால் பிரிட்ஜை இருவரும் ஒத்திசையாகச் சேர்ந்து பாடவே கூடாது. ஒருவரையொருவர் 'சொல்லு சொல்லு' என்று ஒரே நேரத்தில் கேட்டால் பட்டிமன்றம். ஒருவர் கேட்க மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.


சின்த்சித்தன் பதில்:

டிக்குத் திரும்பியபின் கடைசியில் அந்த எஃப் பாஸ் வைக்கிறீர்கள் என்றால் கீபோர்டில் இந்த அளவு போதும்: பித்தளை ஒலியை ஸ்ட்ரிங்ஸுக்கு அடியில் பாதி ஒலியளவுக்கு, அட்டாக்கை (ஒலி எழும் வேகத்தை) கொஞ்சம் தாமதப்படுத்தி. முழு ஒலியில் வைத்தால் கல்யாண பேண்டு வாசலுக்கு வந்த மாதிரி இருக்கும். எஃப் பாஸுக்கு நாலு தட்டு, ஜிக்கு நாலு தட்டு, டியை அடித்துவிட்டு டிரம்ஸ் உட்பட எல்லோரும் கையை எடுத்துவிடுங்கள். கிட்டார் தந்தி மட்டும் தானாக அடங்கட்டும்.